மூன்று தரம் பெயர் சொன்னால்

அத்தியாயம் 14

"கதவோட காதை ஒட்டிக்கொண்டு நிண்டால் உள்ளுக்க இருக்கிறவருக்கு என்னெண்டு தெரியும்? கூப்பிடுங்கோவன் அம்மா."

கமலேஸ்வரி சட்டென்று விலகினாள். வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக மகள் லதுசா பின்னால் நின்றாள்.

"நான் ஒருதருக்கும் காது குடுக்கேல்லை. நிலையில கறையான் ஏறியிருக்கோ எண்டு பார்த்தனான்."

"ஓகோ. கறையான் சிரிக்குதோ?"

உள்ளே இருந்து திரும்பவும் அந்தச் சிரிப்பு வந்தது. கமலேஸ்வரிக்குப் பற்றி எரிந்தது.

போன ஞாயிறு அவள் தற்செயலாகத் தள்ளித் திறந்த கதவு அது. மகன் லக்சன் கட்டாருக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து எட்டு மாதமாகச் சும்மா கிடக்கிறது என்று அவள் நம்பியிருந்த அறை. உள்ளே அவளுடைய மனுசன், துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சினைப் பார்க்கிற ஐம்பத்திரண்டு வயது ஆள், மகன் விட்டுப்போன கொம்பியூட்டருக்கு முன்னால் ஹெட்செட்டும் மாட்டிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். யாரோடு? கனடாவில் இருக்கிற அவருடைய முறை மச்சாள் தவமலரோடு. என்ன செய்துகொண்டு? பேய் பிடித்துக்கொண்டு.

பேய் பிடிப்பது ஒரு கேம் என்று லதுசா பிறகு விளக்கினாள். நாலு பேர் சேர்ந்து ஆடுவது. ஒரு வான் வண்டியில் ஏறி, பேய் இருக்கிற வீட்டுக்குப் போய், அது என்ன பேய் என்று கண்டுபிடித்துவிட்டு உயிரோடு திரும்பி வர வேண்டும். லதுசா, அவளோடு கணினி படிக்கிற குறிஞ்சாக்கேணிப் பிள்ளை இன்ஷிரா, தவமலர், நாலாவதாக அப்பா. வெள்ளி, சனி இரவுகளில் கனடாக்காரிக்கு வேலையில்லை. அங்கே இரவென்றால் இங்கே விடியல்.

"எவ்வளவு நாளா?" என்று கமலேஸ்வரி கேட்டாள்.

"லக்சன் அண்ணா போன பிறகு. அண்ணான்ர இடம் வெறுமையாக் கிடந்தது. அப்பா சும்மா வந்து எட்டிப் பார்த்தவர்."

சும்மா எட்டிப் பார்த்தாராம்.

வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை கதைக்காத மனுசன். "சோறு போடு." "குடை எங்க?" "நாளைக்கு விடியவே டியூட்டி." அவ்வளவுதான். இவள் கேட்டதற்கு 'ம்', கேட்காததற்கு அதுவும் இல்லை. அவருக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருந்ததே இருபத்தாறு வருசமாக அவளுக்குத் தெரியாது. அதைத் திறக்கிற சாவி கனடாவில் இருந்திருக்கிறது.

ஞாயிறு தொடங்கி இந்த ஒரு கிழமையும் அவள் எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே பருப்புக்கு உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். இன்னும் எரிந்தது.

இன்று போயா, பௌர்ணமி விடுமுறை. சனிக்கிழமையும்கூட. அவருக்கு லீவு. விடியக் காலமையே போய் அந்த அறைக்குள் புகுந்துவிட்டார். குசினித் தொட்டியில் இறக்கக்கண்டி மீன்காரன் தந்த பாரை வெட்டாமல் கிடந்தது.

"லதுசா, வாயைக் கொப்பளிச்சிட்டு வா," என்றாள் கமலேஸ்வரி.

"ஏன்?"

"நாலு பேருக்குத்தான் இடமெண்டனீ. இண்டைக்கு நீ எழும்பு. உன்ர இடத்தில நான் இருக்கிறன்."

லதுசா நுரையை விழுங்கிவிட்டாள்.

"அம்மா! உங்களுக்கு வட்சப்பில ஒரு படம் அனுப்பவே ஏலாது."

"நீ பக்கத்தில இருந்து சொல்லித் தா."

"பயப்பிடுவீங்கள்."

"எனக்கோ? சண்டைக்க ஆத்துக்கு அங்கால இங்கால எண்டு ஓடித் திரிஞ்ச வெருகல்காரி நான். உன்ர கேம் பேய்க்கோ பயப்பிடப் போறன்?"

சாப்பாட்டு மேசையில் லப்டொப் திறந்தது. மேசைக்கும் லக்சனின் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அதுவும் கூரை வரை போகாத சுவர். லதுசா ஹெட்செட்டை அம்மாவின் தலையில் மாட்டி, கொண்டையைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள்.

"ஹலோ எல்லாரும்! இண்டைக்கு எனக்குப் பதிலா அம்மா வாறா."

உடனே காதுக்குள்ளேயே வெடி போட்டது போல ஒரு குரல்.

"ஆர், கமலேஸ் மச்சாளோ? ஐயோ வரட்டும், வரட்டும்! சீலன், கேட்டியா? உன்ர மனுசி பேய் பிடிக்க வாறாவாம்!"

"ம்," என்றார் அவர். ஒரே 'ம்', ஹெட்செட்டிலும் கேட்டது, சுவருக்கு மேலாலும் கேட்டது.

சீலன்! கமலேஸ்வரி பல்லைக் கடித்தாள். அரைப் பெயர். இவள் முழுப் பெயரையே இன்னும் வாயால் சொன்னதில்லை. அவளோ அரைப் பெயரை மாங்காய்க் கீற்று மாதிரி வாயில் போட்டுச் சப்புகிறாள்.

கமலேஸ்வரியைக் கட்டிக் கொடுத்த அன்று அவளுடைய தாய் காதுக்குள் சொன்ன ஒரே புத்தி, "மனுசன்ர பேரை வாயால சொல்லாத, அவருக்கு ஆயுசு குறையும்" என்பதுதான். அவள் அதை விட்டதேயில்லை. லக்சன் பிறந்தபோது வார்டில் தாதி, "கணவர் பெயர்?" என்று கேட்டாள். இவள் அவருடைய அடையாள அட்டையை நீட்டினாள். "எழுத்து மங்கிக் கிடக்கு, வாயால சொல்லுங்கோ." பக்கத்துக் கட்டில்காரியைக் காட்டி, "அவவிட்ட காட்டுங்கோ, அவ வாசிச்சுச் சொல்லுவா" என்றாள் இவள். லக்சன் பேசத் தொடங்கும் வரை "இஞ்சேருங்கோ". தொடங்கிய பிறகு "லக்சன்ட அப்பா". அவசரமென்றால் இப்போதும் "இஞ்சேருங்கோ"தான்.

"அன்ரி, பயப்புடாதீங்க," இன்ஷிராவின் குரல் மெல்லியதாக வந்தது. "நீங்க வானுக்குள்ளயே இரிங்க. வானுக்குள்ள பேய் வராது."

"நான் ஒண்டுக்கும் பயப்பிடேல்லை பிள்ளை. உம்மா சுகமா?"

"சுகம் அன்ரி. இஞ்ச கரண்ட்தான் வந்து வந்து போகுது."

"மச்சாள், இண்டைக்கு என்ன கறி?" தவமலர் இடையில் புகுந்தாள்.

"பாரை."

"அப்ப தலையைச் சீலனுக்கு வையுங்கோ. சின்னனில தலைக்கு என்னோட அடிபடுவான். தலையெண்டால் உயிர்."

கமலேஸ்வரியின் கை மவுஸில் அப்படியே நின்றது. இருபத்தாறு வருசமாக மீன் தலை அவளுடைய கோப்பையில்தான் விழும். "எனக்கு வேண்டாம், நீர் தின்னும்" என்று தள்ளிவிடுவார். அவருக்குத் தலை பிடிக்காது என்றே அவள் நினைத்திருந்தாள். பிடிக்குமாம். அதையும் கனடாக்காரிதான் சொல்லித் தரவேண்டியிருக்கிறது.

கேம் தொடங்கியது. வான் ஒரு பழைய வீட்டு வாசலில் நின்றது. வானுக்குள் இரண்டு திரை, ஒரு பலகை. மற்ற மூவரும் ரோச் லைட்டோடு இறங்கி நடந்தார்கள். கட்டையான பச்சைச் சட்டை உருவம் அவர். சிவப்புத் தொப்பி தவமலர்.

"இந்தத் திரையில வீட்டுக்குள்ள வச்ச கமெராவெல்லாம் தெரியும். நீங்கள் பார்த்துச் சொன்னாப் போதும்," என்றாள் லதுசா.

கமலேஸ்வரி பார்த்தாள். ஒரு படுக்கையறை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் பச்சைச் சட்டை, அந்தப் பக்கம் சிவப்புத் தொப்பி.

"இவையள் ரெண்டு பேரும் ஏன் ஒரே அறைக்குள்ள?"

"அதுதானம்மா பேய்ட அறை."

"இன்ஷிரா எங்க?"

"குசினியைப் பார்க்கிறாள்."

"அதுக்கேன் இவையள் கதவைச் சாத்தினவை?"

"அவை சாத்தேல்லை. பேய் சாத்தினது."

"நல்ல பேய்!"

"மச்சாள், எங்களைத் தெரியுதா?" சிவப்புத் தொப்பி கமெராவைப் பார்த்துக் கை காட்டியது. "வடிவாப் பார்த்துக்கொள்ளுங்கோ. நான் இவனைக் கடத்திக்கொண்டு போயிடுவன்!"

"நீ கடத்தினாலும் மூண்டு நாளில கொண்டுவந்து விட்டிடுவாய்," என்றார் அவர்.

கமலேஸ்வரி வார்த்தைகளை எண்ணினாள். ஆறு. ஒரே மூச்சில் ஆறு. அதுவும் பகிடி.

ஒரு காலத்தில் தவமலரைத்தான் அவருக்குப் பேசியிருந்தார்கள். இது ஊருக்கே தெரிந்த கதை. கனடாவிலிருந்து சம்பந்தம் வந்தபடியால் தவமலர் விமானம் ஏறினாள். வெருகலில் இருந்து கமலேஸ்வரி பஸ் ஏறி அன்புவழிபுரத்துக்கு மருமகளாக வந்தாள். தவமலரின் புருஷன் போன வருசம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது, ஃபோனில் இவளும் சேர்ந்துதான் அழுதாள். அழுகையெல்லாம் அழுகைதான். ஆனால் சீலன் என்ன சீலன்?

"அம்மா, பலகையில பேய்ட பேர் விழுந்திருக்கு. வாசிச்சுச் சொல்லுங்கோ. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது வெளிக்கிடும்."

கமலேஸ்வரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தாள்.

பேயின் பெயர்: தர்மசீலன்.

அவளுடைய கை தானாகத் தாலிக்கொடிக்குப் போனது.

"என்னடி இது?"

"கேமில பேய்களுக்கு வெள்ளைக்காரப் பேர்தானம்மா இருந்தது. இன்ஷிராதான் அதைத் தூக்கிப்போட்டு எங்கட பேருகளைப் போட்டவள். எல்லாரும் எழுதிக் குடுத்த..."

"உயிரோட இருக்கிற மனுசன்ர பேரையோ பேய்க்கு வைக்கிறது? ஆர் எழுதினது?"

"பேந்து சொல்லுறன். முதல் பேரைச் சொல்லுங்கோ, அவை காத்துக்கொண்டு நிக்கினம்."

"அவதானே? கனடாக்காரிதானே?"

லதுசா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவே போதுமென்று கமலேஸ்வரி எடுத்துக்கொண்டாள்.

"அன்ரி, பேர் என்ன?" இன்ஷிரா கேட்டாள்.

"எனக்குக் கண் தெரியேல்லை," என்றாள் கமலேஸ்வரி.

லதுசா குனிந்து ஒலிவாங்கியில் சொன்னாள். அந்தப் பக்கம் தவமலர் கலகலவென்று சிரித்தாள்.

"சீலன், உன்ர பேரடா! கடைசியா விழுந்திட்டுது! பொறு, நான் கூப்பிடுறன்." குரல் தாழ்ந்தது. "தர்மசீலன்... தர்மசீலன், நிக்கிறியா? ஒரு வார்த்தை சொல்லு பார்ப்பம்."

அந்தக் குரலில் பகிடி இல்லை. அதைத்தான் கமலேஸ்வரியால் தாங்க முடியவில்லை. கிணற்றடியில் நின்று மதிலுக்கு அங்காலே யாரையோ கூப்பிடுகிற பதினேழு வயதுக் குரல் அது.

"நிக்கிறன் எண்டு நான் சொல்லட்டோ?" என்றார் அவர்.

"நீ சும்மாயிரு. தர்மசீலன்!"

மூன்றாம் தரம். படுக்கையறை விளக்கு துடித்தது. அதே நேரம், "அன்ரி, இஞ்ச கரண்ட்..." என்ற இன்ஷிராவின் குரல் பாதியில் அறுந்தது. குறிஞ்சாக்கேணியில் மின்சாரம் போய்விட்டது.

திரையில் ஏதோ ஒரு நெட்டை உருவம் சுவரிலிருந்து இறங்கி வந்தது. "சீலன், ஓடு! ஓடு!" சிவப்புத் தொப்பி நிலத்தில் விழுந்தது. தவமலரின் குரல் நின்றது.

"என்ன, அவ செத்திட்டாவோ?"

"ஓமம்மா. இனி அவ கதைக்கிறது எங்களுக்குக் கேக்காது. செத்தவைக்குச் செத்தவை கதைக்கிறது மட்டும் கேக்கும். ஆனா நாங்கள் கதைக்கிறது அவைக்குக் கேக்கும்."

"பாவம்," என்றாள் கமலேஸ்வரி. அப்படியொன்றும் பாவப்படவில்லை. இத்தனை நாளில் இன்றுதான் காது கொஞ்சம் குளிர்ந்தது.

"லதுசா..." ஹெட்செட்டில் மூச்சு மட்டும் வந்தது. அவர் கிசுகிசுத்தார். "அலுமாரிக்குள்ள நிக்கிறன். அது முன்னாலதான் நிக்குது. சத்தம் போடேலாது."

"அம்மா, கெதியா! நீங்கள்தான் மிச்சம். உள்ள போய்ப் பேய்ட பேரை மூண்டு தரம் சத்தமாச் சொன்னீங்கள் எண்டால் அது அப்பாவை விட்டிட்டு உங்களிட்டத் திரும்பும். உடன வானுக்கு ஓடி வரலாம். எழும்புங்கோ! இந்த எழுத்தை அமத்துங்கோ. அது சுவரம்மா, சுவர். இடக்கைப் பக்கம்!"

வாசல் கதவில் இரண்டு தரம் முட்டி, ஒரு மேசையைச் சுற்றி, எப்படியோ அந்த அறைக்கு வந்து சேர்ந்தாள் கமலேஸ்வரி. நெட்டை உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் நின்றது. அதற்குப் பின்னால், பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம், அவளுடைய மனுசன்.

"கூப்பிடுங்கோ!"

"எப்பிடியடி?"

"பேரைச் சொல்லி!"

வாய் திறந்தது. பெயர் தொண்டை வரை வந்து நின்றது. இருபத்தாறு வருசம் இறங்காத இடத்தில் திடீரென்று எப்படி இறங்கும்?

"லக்சன்ட அப்பா!"

பேய் அசையவில்லை.

"அம்மா! அதுக்கு லக்சனைத் தெரியாது! பேர்! பேர்!"

உருவம் அலுமாரியின் கைப்பிடியில் கையை வைத்தது. கமலேஸ்வரிக்குப் பதறிவிட்டது. கேம் மறந்தது, கனடா மறந்தது.

"இஞ்சேருங்கோ!"

"என்னப்பா?"

சுவருக்கு அங்காலிருந்து பதில் உடனே வந்தது. பெரிய குரலில், இருபத்தாறு வருசப் பழக்கத்தில், ஒளிந்து நிற்கிறோம் என்பதையும் மறந்து. ஒலிவாங்கி அதை அப்படியே பேயின் காதில் கொண்டுபோய்ப் போட்டது. அலுமாரிக் கதவு படாரென்று திறந்தது. பச்சைச் சட்டை கீழே விழுந்தது.

லதுசா மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஐயோ அம்மா! பேய் கொல்லேல்லை, நீங்கள்தான் சாகடிச்சனீங்கள்!"

கமலேஸ்வரி சிரிக்கவில்லை. விழுந்து கிடந்த பச்சைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அவர் எங்க?"

"செத்தவையோட."

"அங்க ஆரார் இருக்கினம்?"

"தவமலர் மாமி மட்டுந்தான். இன்ஷிராதான் கரண்ட் போய்ப் போயிட்டாளே."

"அவை கதைக்கிறது எனக்குக் கேக்குமோ?"

"கேக்காது எண்டு சொன்னனானேயம்மா."

ஹெட்செட்டுக்குள் காற்றுச் சத்தம்கூட இல்லை. இவ்வளவு நாளும் மற்றவர்கள் நடுவில் இருந்தார்கள். இப்போது அவரும் அவளும், ஒருவரும் கேட்காத ஓரிடத்தில், தனியே. அனுப்பி வைத்தது யார்? 'இஞ்சேருங்கோ' என்று கூப்பிட்டு, கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டது போல, இவளேதான்.

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். சுவருக்கு மேலால் அவருடைய குரல் மட்டும் வந்தது. பாதிக் கதை.

"ஓம்... ஓம், விளங்குது... இல்லை, இன்னும் சொல்லேல்லை."

கமலேஸ்வரி சுவர்ப் பக்கம் சாய்ந்தாள்.

"லக்சன்ட அறை சும்மாதானே கிடக்கு... சேச்சே, ஏசமாட்டா. ஏசினாலும் பறவாயில்லையே தவம். அவ என்னோட கதைக்கிறதேயில்லை. கறிக்கு உப்பில்லையெண்டால்கூட, மறந்திட்டன் எண்டு ஒரு சொல் சொல்லமாட்டா."

கமலேஸ்வரியின் முகம் சுட்டது. தான் கதைப்பதில்லையாமே! இந்த வீட்டில் கதைக்காதது யார்?

"லதுசா, என்னைப் பார். அந்தப் பேரை அவதானே எழுதினவ? பொய் சொல்லாத."

லதுசாவின் சிரிப்பு நின்றது.

"இல்லையம்மா. அப்பா."

"அப்பாவோ?"

"இன்ஷிரா எல்லாரிட்டயும் அஞ்சஞ்சு பேர் கேட்டவள். அப்பா அஞ்சு வரியிலயும் தன்ர பேரையே எழுதிக் குடுத்தவர். ஏனப்பா எண்டு கேட்டனான். 'அப்பம்மா செத்த பிறகு என்னை ஆரும் முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்ல. வீட்டில அப்பா, வேலையில எஞ்சின் அண்ணை. கேமிலயாவது ஆரும் கூப்பிடட்டுமே' எண்டார். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர்." லதுசா நகத்தைக் கடித்தாள். "உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர். நீங்கள் கவலைப்படுவீங்களாம்."

சுவருக்கு மேலால் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

ஆயுசு குறையக்கூடாது என்று வாயைக் கட்டிக் காத்த பெயர். காத்தது யாருக்காக? அவருக்காக. அவருக்கு அது தெரியுமா? அவள் ஒருநாளும் சொன்னதில்லை, அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நடுவில் ஒருத்தி கடல் கடந்த இடத்திலிருந்து சர்வசாதாரணமாகச் சீலன் சீலன் என்று கூப்பிட்டு, கிடைக்கிற சிரிப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறாள். ஒரு பெயருக்குத்தானா இவ்வளவும்? அந்தப் பெயர் இவளிடமும்தானே இருந்தது. தாலி கட்டின நாளிலிருந்து இவளுடையதுதானே.

"லதுசா, நான் செத்தால் அவை இருக்கிற இடத்துக்குப் போகலாமோ?"

"ஆ? ஓம், போகலாம். ஆனா கேம் தோத்திடும் அம்மா. நீங்கள் ஒராள்தான் உயிரோட. பேசாமல் வானை எடுத்துக்கொண்டு போனால் வெற்றி."

"அந்த வெற்றியை வச்சு நான் என்ன செய்யிறது? வழியைச் சொல்லு."

"அதே வழிதான். மூண்டு தரம்."

கமலேஸ்வரி ஹெட்செட்டை மாட்டினாள். தாலிக்கொடியை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். 'வெருகல் முருகா, இது சும்மா கேம். கணக்கில வைக்காத. அவருக்கு ஒண்டும் வரக்கூடாது.'

"தர்ம..." பாதியில் காற்றாகப் போனது. கேம் அதை எடுக்கவில்லை.

தண்ணீர் ஒரு மிடறு குடித்தாள்.

"தர்மசீலன்."

சுவருக்கு அங்காலே முணுமுணுப்பு நின்றது. செத்தவர்களுக்கு உயிரோடு இருப்பவர்கள் கதைப்பது கேட்குமாமே. கேட்கட்டும். தவமலருக்கும் சேர்த்தே கேட்கட்டும்.

"தர்மசீலன்."

இரண்டாவது தரம் அவ்வளவு கஷ்டமாக இல்லை. நாக்கு அந்தப் பெயருக்கு வழி விட்டது. அறைக்குள் கதிரை கிரீச்சென்று பின்னால் போகிற சத்தம் கேட்டது. லதுசா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். திரையில் நெட்டை உருவம் மெல்லத் திரும்பியது.

"தர்மசீலன்!"

வீடு முழுக்கக் கேட்டது. குசினிச் சட்டி முட்டியெல்லாம் கேட்டிருக்கும். பேய் இரண்டு கையாலும் பாய்ந்து திரையை மூடியது. கமலேஸ்வரி கண்ணைக்கூட இமைக்கவில்லை.

இருட்டு. பிறகு காதுக்குள் தவமலர், நடுப்பேச்சில்.

"...சீலன்? என்ன சத்தத்தைக் காணேல்லை? கமலேஸ் கூப்பிட்ட உடன எழும்பிப் போயிட்டியா? கமலேஸுக்குச் சொல்ல உனக்கு இன்னும் பயமெண்டால் நானே சொல்லுறன். டிக்கெட் போட்டாச்சடா. அடுத்த மாசம் வாறன், திரும்பிப் போற எண்ணமில்லை. லக்சன்ட அறையைத் தாறன் எண்டு நீதானே சொன்னனீ. சீலன்?"

அறைக் கதவு திறந்தது.

அவர் வாசலில் நின்றார். ஹெட்செட் கழுத்தில் தொங்கியது. வயர் கழன்று நிலத்தில் இழுபட்டது. இவளைப் பார்த்த பார்வையில், கொடியேற்றம் பார்க்க வந்த பிள்ளையின் முகம் இருந்தது.

"கூப்பிட்டனீரோ?" என்றார் மெல்ல.

அந்த முகத்தை இன்னும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது கமலேஸ்வரிக்கு. இருபத்தாறு வருசத்துக்கும் சேர்த்துப் பார்க்கலாம் போல. ஆனால் காதுக்குள் அந்தக் குரல் விடவில்லை. "சீலன்? சீலன்!"

அவள் அவரைப் பார்த்தபடியே ஒரு கையை உயர்த்தினாள். அங்கேயே நில்லுங்கோ. மற்றக் கையால் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்ட இழுத்தாள்.

"தர்மசீலன் எழும்பி என்னட்ட வந்திட்டார், மச்சாள்," என்றாள். "நான் கமலேஸ் கதைக்கிறன். எந்த அறையெண்டு சொன்னீங்கள்?"